வலியைத் தா என்று கேட்டேன், அம்மா தந்தாள்

மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கட்டுகஸ்தோட்டையில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே, இரவல் வாங்கிய வெல்டிங் மெஷினோடு தொழில் தொடங்கினேன். இன்றைக்கு அதே இடத்தில் என் சொந்த வேர்க்‌ஷொப் நிற்கிறது. அங்கிருந்து வத்தேகம வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். கண்ணுக்கு இலட்சணமாகத் தெரிகிற கேட்டுகளில் பாதி என் கையால் ஒட்டியது. மற்றப் பாதி என்னிடம் தொழில் பழகியவர்கள் ஒட்டியது. பாறை மேல் வீடு நிற்காது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். கட்டினேன், நிற்கிறது. தோட்டத்து ஓடைக்குக் குறுக்கே இரும்புப் பாலம் போட்டேன். எத்தனையோ மழை வந்து போய்விட்டது. கொழுந்துக் கூடையோடு பெண்கள் இன்றும் அதன் மேல்தான் நடக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் முத்துமாரியம்மனுக்குத் தேர் செய்தவன் நான். அதற்கு முன் அம்மாவைத் தோளில் தூக்கித்தான் மலை இறக்கினார்கள். கழித்துப் போட்ட லொறி ஒன்றின் அச்சையும் சக்கரத்தையும் கொண்டுவந்து, மேலே இரும்புச் சட்டம் அடித்து, அதன் மேல் மரமும் சேலையும் பூவும் ஏற்றினேன். "லொறிச் சக்கரத்தில அம்மா வருவாளா?" என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். வந்தாள். வருஷா வருஷம் வருகிறாள்.

பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. இத்தனையும் செய்த ஆளுக்கு, ஒரு நாள் தன் பெண்சாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் குரல் இல்லாமல் போயிற்று. அன்றைக்கு அம்மா எனக்கு என்ன செய்தாள் என்பதை, இந்தக் கோயில் மலரைப் படிக்கிற அடியார்களாகிய நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் கோயிலுக்கு வராதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோயிலிலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்குகிற வழி செங்குத்து. நடுவில் ஒரு வளைவு இருக்கிறது. அந்த வளைவில் முன்னால் வடம் பிடிக்கிறவர்களுக்குப் பின்னால் வருகிற தேர் தெரியாது. தேருக்குப் பின்னால் முட்டுக்கட்டையோடு ஓடி வருகிறவர்களுக்கு முன்னால் இருக்கிற வடம் தெரியாது. தப்பும் உறுமியும் காதைக் கிழிக்கும். அந்த இடத்தில் எல்லோரையும் சேர்த்துக் கட்டுவது ஒரே ஒரு சாமான்தான். என் குரல். "இழு" என்றால் இழுப்பார்கள். "விடு" என்றால் விடுவார்கள். "கட்டை!" என்றால் அந்த நொடியில் சக்கரத்துக்கு அடியில் கட்டை விழ வேண்டும். விழாவிட்டால் தேர் ஆட்களின் மேல் இறங்கும். மைக் வைத்துப் பார்த்தார்கள். அது கரகரத்தது. விசில் ஊதிப் பார்த்தார்கள். தப்புச் சத்தத்தில் செத்துப்போயிற்று. என் குரல் மட்டும்தான் நின்றது. தேர் செய்த நாள் முதல் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அந்தக் குரல் இருக்கிற கழுத்தில்தான் கட்டி வந்தது.

வலது பக்கம். முதலில் பாக்களவு. நான் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு எலுமிச்சங்காய் அளவு. சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. சோறு இறங்கும்போது எதிலோ இடித்துக்கொண்டு இறங்கியது. மல்லாந்து படுத்தால் யாரோ கட்டை விரலை வைத்து அமுக்குகிறது போல இருந்தது. பார்வதி, என் பெண்சாதி, விடவில்லை. கண்டியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள். தைரொயிட் கழலை, கெட்ட கட்டி போலத் தெரியவில்லை, ஆனால் மூச்சுக்குழாயைத் தள்ளுகிறது, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார்கள்.

வெட்டுவதற்கு நான் பயப்படவில்லை. சர்ஜன் கடைசியில் இன்னொன்று சொன்னார். அந்தக் கழலைக்குப் பின்னால்தான் குரலுக்குப் போகிற நரம்பு ஓடுகிறதாம். மயிரிழை போல இருக்குமாம். கவனமாகத்தான் செய்வோம், ஆனாலும் சொல்லி வைப்பது எங்கள் கடமை என்றார்.

அந்தச் சொல் என்னைப் படுக்க வைத்தது. வேர்க்‌ஷொப்புக்குப் போனேன், இரும்பைத் தொட மனம் வரவில்லை. தேரைப் போய்ப் பார்த்தேன். தார்ப்பாய்ப் படங்கைப் போர்த்திக்கொண்டு நின்றது. நான் செய்த தேர், நான் இல்லாமல் எப்படி இறங்கும்? வேறு யார் கூப்பிடுவார்கள்? கூப்பிட்டுத் தவறினால் யார் மேல் ஏறும்? வடம் பிடிப்பவர்களில் பாதிப்பேர் என் சொந்தப் பிள்ளைகளும் மருமக்களும்.

அன்றே அம்மா முன்னால் போய் நின்றேன். கற்பூரம் ஏற்றி, என் வழக்கப்படி சத்தம் போட்டே கேட்டேன்.

"தாயே, கொரல மட்டும் எடுக்காத. வலி எவ்வளவு வேணும்னாலும் குடு. வலிக்கு ஒரு மருந்தும் வாங்க மாட்டேன். அவ்வளவையும் தாங்கி ஒன் காலடியில வைக்கிறேன்."

இது எங்கள் ஆட்கள் அம்மாவோடு பேசுகிற முறை. கன்னத்தில் அலகு குத்தியிருக்கிறேன். முதுகில் கொக்கி மாட்டிப் பறவைக் காவடியில் தொங்கியிருக்கிறேன். தீ மிதித்திருக்கிறேன். உடம்பைக் கொடுத்து வரம் வாங்குவது எனக்குப் பழக்கப்பட்ட வியாபாரம். இந்த முறையும் பேரம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வார்ட்டில் பக்கத்துக் கட்டில் ராசிக் நானாவுடையது. மடவளையில் சில்லறைக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் மனுஷன். பித்தப்பையில் கல். போன கொஞ்ச நேரத்திலேயே என் தேரைப் பற்றி அவருக்குச் சொல்லிவிட்டேன். மறந்துபோயிருப்பாரோ என்று திரும்பவும் சொன்னேன்.

"அண்ணே," என்றார் அவர், "இன்னொரு தரம் செல்லுங்க. பொறகு அந்தத் தேர நானே ஓட்டுவேன்."

அப்போதுதான் மயக்க மருந்து கொடுக்கிற டொக்டரம்மா வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என் மகள் வயதுதான் இருக்கும். கதிரையை இழுத்துப் போட்டு என் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். அதுவே எனக்குப் பிடித்தது. நின்றுகொண்டு பேசுகிற டொக்டர்மார் உட்கார்ந்து கேட்கமாட்டார்கள்.

"சுப்பையா ஐயா, நாளைக்கு நான்தான் உங்களை நித்திரையாக்கப்போறன். இதுக்கு முதல் ஏதும் ஒபரேஷன் செய்தனீங்களோ?"

"குடலிறக்கம் செஞ்சாங்க டொக்டர். வேற எடத்தில."

"அப்ப ஏதும் கரைச்சல் வந்ததோ?"

சொன்னேன். அந்த ஒபரேஷன் முடிந்து வலிக்கு வீரியமான ஊசி போட்டார்கள். வலி போயிற்று. ஆனால் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலிக்குக் குளிசை விழுங்கினால் வயிற்றுப் புண் எரிந்தது.

அவர் முகம் மாறியது. "நல்ல வேளை சொன்னீங்கள். வயித்தில வாந்தி எடுத்தால் தையலுக்குத்தான் கரைச்சல். கழுத்தில ஒபரேஷன் முடிஞ்ச கையோட ஓங்காளிச்சால், கட்டின ரத்தக்குழாய் விட்டுப்போகலாம். உள்ளுக்கு ரத்தம் கட்டினால் மூச்சை அடைக்கும். அதால அந்த ஊசியை ஆகக் குறைக்கப்போறன். நீங்கள் நித்திரையான பிறகு, கழுத்தில ரெண்டு பக்கமும் விறைக்கிற மருந்து போடுவன். பல்லுப் பிடுங்கேக்க முரசில போடுவினமே, அந்த இனம். எழும்பேக்க வெட்டின இடம் நோகாது."

"வேணாம் டொக்டர்."

"ஏன் ஐயா?"

"எனக்கு வலி வேணும்."

ராசிக் நானா கட்டிலில் எழும்பி உட்கார்ந்துவிட்டார். "என்னத்த செல்றீங்க அண்ணே? அப்ப ஒங்களுக்குப் போட வேண்டியதையும் எனக்கே போடச் செல்லவா?"

நான் அம்மாவுக்கு வைத்த நேர்த்திக்கடனைச் சொன்னேன். வலிக்குக் குரல். வலியை அவர்கள் எடுத்துவிட்டால், நான் அம்மாவுக்கு எதைக் கொடுப்பேன்? கொடுக்காமல் போனால் அவள் எதை எடுப்பாள்?

டொக்டரம்மா சிரிக்கவில்லை. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். படித்தவர்களில் எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்! அவர் கையை என் கையின் மேல் வைத்து, "உங்கட கழுத்து, ஐயா. நீங்கள் ஓம் எண்டாத்தான் போடுவன். ஆனால் அந்த வாந்திதான் எனக்குப் பயம். யோசியுங்கோ, பின்னேரம் வாறன்," என்று சொல்லிப் போனார்.

பார்வையாளர் நேரத்துக்குப் பார்வதி சுடுதண்ணிப் போத்தலோடு வந்தாள். ராசிக் நானாவே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் அவளிடம் போட்டுக்கொடுத்தார்.

அவள் போத்தலைக் கீழே வைத்தாள். "ஏங்க, அலகு குத்துறப்ப பூசாரி மொதல்ல என்னா செய்வாரு?"

"விபூதி வெப்பாரு."

"சும்மா வெப்பாரா?"

"கன்னத்தில வெச்சு, பெருவெரலால நல்லா அமுக்குவாரு."

"எதுக்கு?"

"வலிக்காம இருக்க."

"அப்ப அம்மா சன்னதியிலயே வலிக்கு மருந்து இருக்கு. அத வாங்கிக்கிட்டுத்தான் நீங்க இவ்வளவு காலமும் பெரிய வீரனாட்டம் நின்னீங்க. அம்மா எப்பவாச்சும் ஒங்ககிட்ட வலிய கேட்டாளா? ஆளத்தானே கேட்டா. இந்தப் பொண்ணு கையில இருக்கிறதும் விபூதின்னு நெனைச்சுக்கங்க."

இரும்பில் ஒட்டுப் பிடிக்கிற நேரம் பளிச்சென்று ஒரு வெளிச்சம் வருமே, அந்த மாதிரி இருந்தது. இவ்வளவு காலம் அலகு குத்தினவன் நான். அந்தப் பெருவிரலை யோசிக்கவே இல்லை. சொன்னது அவள்தான். ஆனால் சொன்னவுடனே புரிந்துகொண்டவன் நான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்னேரம் டொக்டரம்மா வந்ததும் சம்மதம் சொன்னேன். ஒரு நிபந்தனை போட்டேன். எங்கள் கோயில் விபூதியைக் கழுத்தில் பூசிய பிறகுதான் ஊசி.

"நெத்தியில வடிவாப் பூசிக்கொண்டு வாங்கோ," என்றார். "கழுத்தை மட்டும் எனக்கு விடுங்கோ. அதை நான் மருந்தால துடைக்கவேணும். ரெண்டு பேருக்கும் பங்கு."

நியாயமான பேச்சு. ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். குளிர். மேலே வட்ட விளக்கு. டொக்டரம்மா என் தலைமாட்டில் நின்று, என் கழுத்தின் இரண்டு பக்கமும், காதுக்குக் கீழே தசை இறங்குகிற இடத்தில், விரலால் அமுக்கிக் காட்டினார். "இந்த இடத்திலதான் ஐயா." அந்த அமுக்கு! பூசாரியின் பெருவிரலேதான். கண்ணை மூடினேன். தாயே என்று சொன்னேன். சொல்லி முடிந்ததா என்று தெரியாது.

விழித்தபோது வார்ட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். வலியைத் தேடினேன். இல்லை. நம்புங்கள், கழுத்தை வெட்டி ஒரு கட்டியை எடுத்திருக்கிறார்கள், எனக்கு ஒரு துளி வலி இல்லை. குமட்டலும் இல்லை. கழுத்து என்னுடையதாகவே இல்லை, பக்கத்து வீட்டுக்காரனுடையது போல இருந்தது. காது மடல் மரக்கட்டை. இரும்பை உருக்கி ஒட்டுகிற வித்தையெல்லாம் தெரிந்த எனக்கு, ஓர் ஊசிமுனையால் ஒரு கழுத்தையே தூங்க வைக்கிற வித்தையைப் பார்த்து வாயடைத்துப் போயிற்று.

வாய் உண்மையாகவே அடைத்துத்தான் போயிருந்தது. அது எனக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எப்பிடி ஈக்கி அண்ணே?" என்றார் ராசிக் நானா.

வலியே இல்லை நானா என்று சொல்லப்போனேன். காற்று வந்தது. சொல் வரவில்லை. மறுபடியும் முயன்றேன். துருத்தியில் ஓட்டை விழுந்தால் ஒரு சத்தம் வருமே, அதுதான் வந்தது. ராசிக் நானாவின் சிரிப்பு நின்றது. "மிஸ்! மிஸ்!" என்று நர்ஸைக் கூப்பிட்டார்.

டொக்டரம்மா ஓடி வந்தார். விரலில் மாட்டியிருந்த மெஷினைப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். கட்டைப் பிரிக்காமல் கழுத்தைச் சுற்றித் தடவி, வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மூக்கு வழியாக நூல் போன்ற ஒரு கமராவை விட்டுப் பார்த்தார்கள். அதுவும் வலிக்கவில்லை. எனக்கு அப்போது வலிக்காமல் இருப்பது ஒவ்வொன்றும் ஒரு அடியாக விழுந்தது.

"ஐயா, கேளுங்கோ," என்றார். "மூச்சு நல்லாப் போகுது. ரத்தம் கட்டேல்லை. வலப்பக்கக் குரல் நாண் மட்டும் சோம்பிக் கிடக்குது. சர்ஜன் அந்த நரம்பைக் கண்ணால கண்டு, தொடாமல் விட்டவர். நான் போட்ட மருந்து கொஞ்சம் உள்ளுக்குக் கசிஞ்சு அதையும் நித்திரையாக்கியிருக்கலாம். அப்பிடியெண்டால் விறைப்பு விடேக்க குரலும் வரும். அதுவரைக்கும் தண்ணி குடிக்காதேங்கோ, புரைக்கேறும்."

விடாவிட்டால்? கையால்தான் கேட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. "அப்ப நரம்புக்கு ஏதோ நடந்திருக்கு எண்டு அர்த்தம். அதுக்கும் வைத்தியம் இருக்கு, காலம் எடுக்கும். ஆனால் அதை இப்பவே நினைக்காதேங்கோ. நான் இஞ்சதான் நிக்கிறன்."

படுத்துக் கிடந்தேன். எனக்குள் ஒன்றுதான் ஓடியது. பேரத்தை முறித்துவிட்டேன். வலியைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஊசியை வாங்கிக்கொண்டேன். அவள் குரலை எடுத்துவிட்டாள்.

அம்மாவைக் கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? என் வாழ்நாளில் நான் சத்தமில்லாமல் கும்பிட்டவன் அல்ல. நான் கும்பிட்டால் கோயில் மணியே தேவையில்லை என்று பூசாரி சொல்வார். இப்போது வாயைத் திறந்தால் காற்று. கையில் கொடுக்க ஒன்றும் இல்லை. வலிகூட இல்லை. லயத்திலிருந்து இறங்கிய நாள் முதல் எதையாவது கொடுத்துத்தான் எதையும் வாங்கியவன் நான். அன்றைக்கு முதல் தடவையாக ஒன்றும் இல்லாதவனாக அவள் முன்னால் கிடந்தேன்.

மனசுக்குள் கேட்டேன். தாயே, பேரம் பேசவில்லை. பேச என்னிடம் ஒன்றும் இல்லை. நேர்த்தியை உன் சன்னதியிலேயே விட்டுவிட்டேன், நீ பார்த்துக்கொள். எனக்கு வலியைத் தா. வலி வந்தால் விறைப்பு போகும். விறைப்பு போனால் குரல் வரும். முன்பு வலியை உனக்குத் தருகிறேன் என்றேன். இப்போது நீ எனக்குத் தா.

அதையே சொல்லிக்கொண்டு கிடந்தேன். நடுவில் காது மடலைக் கிள்ளிப் பார்ப்பேன். ஒட்டுச் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்க்கிற மாதிரி, கிள்ளுவேன், கேட்பேன். மரக்கட்டை. திரும்பவும் அம்மாவிடம் போவேன்.

பக்கத்தில் ராசிக் நானா கட்டிலில் உட்கார்ந்தபடியே தொழுதார். முடிந்ததும் கையை ஏந்திக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்களுக்கும் சேத்துத் துஆ கேட்டேன் அண்ணே. தேர்க் கதையில்லாம வார்ட்டு மையவாடி மாதிரி அமைதியா ஈக்கி," என்றார். என் கண் நிறைந்துவிட்டது.

வெயில் சாய்ந்து, ஜன்னலுக்கு வெளியே ஹந்தானை மலையில் மூடுபனி இறங்குகிற நேரம். காது மடலில் எறும்பு கடித்தது.

எறும்பு என்று நினைத்துத்தான் கையைக் கொண்டுபோனேன். எறும்பு இல்லை. கிள்ளினேன். வலித்தது! இன்னும் பலமாகக் கிள்ளினேன். இன்னும் வலித்தது. கொஞ்ச நேரத்தில் கழுத்துக்குக் குறுக்கே, தையல் போட்ட கோடு முழுவதும், மெல்லிய நெருப்பு ஓடியது. பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு, கண்ணீர் வடித்துக்கொண்டு கிடந்தேன். வந்த நர்ஸ் மிஸ் மிரண்டுபோய், "ஐயா, வலிக்குதா?" என்று கேட்டார். ஆமாம் ஆமாம் என்று கோயில் மாடு மாதிரித் தலையாட்டினேன். வலியில் அவ்வளவு சந்தோஷப்பட்ட நோயாளியை அவர் பார்த்திருக்கமாட்டார்.

ஆனால் குரலை முயன்று பார்க்கப் பயம். வாயைத் திறக்காமலே கிடந்தேன்.

பார்வதி வந்தாள். வார்ட்டு வாசலில் நின்று கட்டில்களைத் தேடினாள். விஷயம் அவளுக்குத் தெரியாது. நடக்கிற வழியில் என்னைத் தாண்டிப் போகப்போனாள்.

"பார்வதி!"

கரகரப்பு இருந்தது. ஆனால் என் குரல். என் சொந்தக் குரல். வார்ட்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"ஸ்ஸ்! கத்தாதீங்க, ஆஸ்பத்திரி இது," என்றாள் அவள்.

ராசிக் நானா, "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தினார். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு, "இனி எனக்கு நித்திரை ஏலா," என்றார்.

டொக்டரம்மா வந்து என்னைப் பேசச் சொன்னார், தண்ணீர் ஒரு வாய் விழுங்கச் சொன்னார். புரைக்கேறவில்லை. அவர் விட்ட மூச்சு எனக்கே கேட்டது. அவரும் அவ்வளவு நேரம் எதையோ பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"நோவு எவ்வளவு ஐயா?"

"கேட்ட அளவுக்கு, டொக்டர்."

சாதாரண பரசிட்டமோல்தான் கொடுத்தார். வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. வீம்பு பண்ணாமல் வாங்கி விழுங்கினேன். அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, ஒரு தடவை வாந்தி இல்லை, ரத்தக் கசிவு இல்லை. இரண்டு கைகளையும் எடுத்து அவரைக் கும்பிட்டேன். வயதில் சின்னவர் என்று நான் பார்க்கவில்லை. எத்தனையோ பேருடைய கைவேலையைப் பார்த்தவன் நான், கைக்காரனை எனக்குத் தெரியும். தன் மருந்து என்னென்ன செய்யும் என்று தெரிந்து, தவறினால் என்ன என்பதையும் மறைக்காமல் சொல்லி, தவறுமோ என்று பக்கத்திலேயே நின்ற கை அது. அந்த மாதிரி ஒருவர் என் வேர்க்‌ஷொப்பில் இருந்தால் நான் வீட்டில் படுத்துத் தூங்குவேன்.

"மருந்து விடுற நேரத்துக்கு விட்டிருக்கு ஐயா," என்றார் சிரித்துக்கொண்டு.

"மருந்து விட்டுச்சு டொக்டர். ஆனா விட வெச்சது யாரு?"

"அதை நீங்கள் கோயில் மலரில எழுதுங்கோ," என்றார். எழுதிவிட்டேன்.

எடுத்த கட்டியைச் சோதித்துப் பார்த்ததில் கெடுதி ஒன்றும் இல்லை என்று வந்தது. குரலைக் கொஞ்சக் காலம் கத்தாமல் வைத்திருக்கச் சொன்னார்கள். வேர்க்‌ஷொப்பில் நான் மெதுவாகப் பேசியதைக் கண்டு, பட்டறை விற்பனைக்கு வந்துவிட்டதோ என்று ஆட்கள் பயந்தார்களாம். அந்த நாட்களில் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. காலையில் சத்தம் போட்டுக் கும்பிட்ட பிறகு, கொஞ்ச நேரம் சத்தமில்லாமலும் நிற்கிறேன். ஒன்றும் கொடுப்பதில்லை, ஒன்றும் பேசி முடிப்பதில்லை. சும்மா நிற்கிறேன். அவள் பார்க்கிறாள்.

தேர் நாள் வந்தது. தையல் தழும்பின் மேல் பார்வதி விபூதியை அப்பிவிட்டாள். டொக்டர்மாரிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தேன். தேவையில்லாத இடத்தில் கத்தக்கூடாது என்று உத்தரவு. அதனால் வளைவுக்கு மேலே இருக்கிற வழியெல்லாம் கையைக் காட்டியே இழுக்க வைத்தேன். வளைவு வந்தது. தப்பு உச்சத்தில் ஏறியது. முன்னால் வடம் மறைந்தது. தேர் மூக்கைக் கீழே தாழ்த்தியது. அச்சு முனகியதை நான் உள்ளங்காலில் உணர்ந்தேன், நான் ஒட்டிய அச்சல்லவா? நெஞ்சு நிறைய மூச்சை எடுத்தேன். ஒரு நொடி, வார்ட்டில் வந்த அந்தக் காற்றுச் சத்தம் ஞாபகம் வந்தது. தாயே, உன் பாடு.

"கட்டை!"

மலையில் இடித்துத் திரும்பி வந்தது. கட்டைகள் விழுந்தன. தேர் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. சேலை ஆடியது, பூச்சரம் ஆடியது, அம்மா ஆடாமல் இருந்தாள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

வளைவு மதகின் மேல் ராசிக் நானா நின்றார். மடவளையிலிருந்து மருமகனோடு வந்திருந்தார். "இதுக்கா அண்ணே இவ்வளவு கதை?" என்று கத்தினார். அப்படிக் கத்திவிட்டு, சால்வையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

அடியார்களே, கழுத்தில் கட்டி இருந்தால் சேர்ட்டுக்குள் ஒளிக்காதீர்கள், காட்டுங்கள். முன்பு செய்த ஒபரேஷனில் என்ன கஷ்டம் வந்தது என்று டொக்டர் கேட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வலி வேண்டாம் என்று கேட்பது வீரத்துக்குக் குறைச்சல் அல்ல. கன்னத்தில் அமுக்குகிற பெருவிரலும் அவளுடையது, கழுத்தில் இறங்குகிற ஊசியும் அவளுடையது. கையில் ஒன்றும் இல்லாத நேரத்திலும் அவளைக் கூப்பிடுங்கள். குரல் இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள். அவளுக்குக் கேட்கும். என் குரல் எனக்குக் கேட்டதை விடச் சீக்கிரம் அவளுக்குக் கேட்டது.

இனி ஒரு விஷயம். தேர் முடிந்த பிறகு மைக்கில் நன்றி சொன்னார்கள். எல்லாம் அம்மா செயல் என்றார் பூசாரி. சரி. சுப்பையா அண்ணனைக் காப்பாற்றிய டொக்டர்மாருக்கு நன்றி என்றார் காரியதரிசி. அதுவும் சரி, மிகவும் சரி. பார்வதி அக்காவின் புத்தியைக்கூடச் சொன்னார்கள். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அம்மா கொடுத்தாள் என்றால், கேட்டவன் ஒருவன் இருக்க வேண்டாமா? டொக்டரம்மா ஊசி போட்டார் என்றால், கழுத்தை நீட்டியவன் ஒருவன் இருக்க வேண்டாமா? பழைய வாந்தியை மறைக்காமல் சொன்னது யார்? குரலே இல்லாமல் கிடந்து, வலியைத் தா, வலியைத் தா என்று அவளை விடாமல் பிடித்துக்கொண்டது யார்? நான். வெல்டிங் சுப்பையா. அடுத்த தேருக்கு மைக்கில் இந்த அற்புதத்தைச் சொல்லும்போது என் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சத்தமாகச் சொல்ல வேண்டும். அவ்வளவு சத்தம் உங்களில் ஒருவருக்கும் வராவிட்டால் மைக்கை வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள், அம்மா தந்த குரல் இருக்கிறது, நானே சொல்கிறேன்.